ஜெனரல் ஸ்லிம்: தோற்றுக் கற்றவரா, தோல்வியை அழகாக எழுதியவரா?

கடம்பவனத்தான்:

இரண்டு மாதமாகப் பர்மா யுத்தத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எதைத் திறந்தாலும் கடைசியில் வில்லியம் ஸ்லிம் என்ற பெயரில் வந்து நிற்கிறது. பர்மாவில் ஜப்பானை எதிர்த்த பிரிட்டிஷ் பதினான்காம் ராணுவத்தின் தளபதி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ஆகச் சிறந்த தளபதி மான்ட்கோமரி இல்லை, இவர்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் நிறைய.

அவருடைய போர்க்கால வாழ்க்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1915, கலிப்போலி: நெஞ்சில் குண்டு. 1917, மெசபடோமியா: மறுபடியும் காயம். 1940, சூடான் எல்லையில் கல்லாபாத்: தாக்கப் போய்ப் பின்வாங்கினார். 1941, எரித்ரியா: இத்தாலிய விமானம் சுட்டதில் பின்புறத்தில் குண்டு. 1942, பர்மா: ஏறக்குறைய ஆயிரம் மைல் பின்வாங்கல். 1943, பர்மாவின் மேற்குக் கரையில் அரக்கான்: இன்னொரு தோல்வியின் கடைசிக் கட்டத்தில் தலையில் கட்டப்பட்ட பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயது வரை பெயர் சொல்ல ஒரு பெரிய வெற்றி கிடையாது. அப்புறம் பதினைந்தே மாதத்தில் எல்லாம் தலைகீழ்.

1956-இல் ‘டிஃபீட் இன்டு விக்டரி’ என்று அவரே புத்தகம் எழுதினார். அதில் தன் தவறுகளைத் தானே வரிசையாக ஒப்புக்கொள்கிறார். படித்து முடித்தவருக்கு அவர்மேல் கோபமே வராது. என் சந்தேகம் அங்கேதான். இவர் நல்ல தளபதியா, நல்ல எழுத்தாளரா?

சும்மா எட்டிப்பார்த்தேன்:

இரண்டும்தான். இந்திய ராணுவச் சம்பளம் போதாமல் பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவர். புனைபெயர் ஆன்டனி மில்ஸ். ஸ்லிம்மை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். சரி, நான் கிளம்புகிறேன்.

வரைபடப் பைத்தியம்:

பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று, கடம்பவனத்தாரே. 1941-இல் பத்தாவது இந்திய டிவிஷனை (பத்துப் பதினைந்தாயிரம் பேர் கொண்ட படை) வைத்துக்கொண்டு இராக், சிரியா, ஈரான் என்று மூன்று இடத்தில் ஜெயித்திருக்கிறார். சிரியாவில் டெய்ர் எஸ் சோர் நகரத்தைப் பிடித்தது நல்ல வேலை. பெரிய சண்டை இல்லை, அதனால் யாரும் பேசுவதில்லை.

கல்லாபாத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளைப் புரிந்துகொள்ள அது முக்கியம். 1940 நவம்பரில் ஒரு பிரிகேடுக்குத் தளபதி. கல்லாபாத் கோட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்தது எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்த மெட்டெம்மா. கொண்டுவந்த டாங்க்குகளில் பெரும்பாலானவை பாறையிலும் கண்ணிவெடியிலும் முடங்கிவிட்டன. மேலே இத்தாலிய விமானங்கள். ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் பயந்து கலைந்து ஓடியது. மறுபடி தாக்குவதா, பின்வாங்குவதா? உடன் இருந்த அதிகாரிகள் பின்வாங்கலாம் என்றார்கள், இவரும் சரி என்றார். எதிரில் இருந்த இத்தாலியர்களே ஓடும் நிலையில்தான் இருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. இரண்டு வழி இருந்தபோது துணிச்சல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன் என்று அந்தக் குற்றத்தைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார். 1945-இல் ஐராவதியைக் கடக்கும்போது இதே மனிதர் எடுத்த முடிவைப் பார்த்தால் கல்லாபாத்தை அவர் மறக்கவே இல்லை என்று தெரியும்.

இன்னொன்று, இவர் பெரிய இடத்துப் பிள்ளை கிடையாது. அப்பாவின் இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப்போனது. பிர்மிங்ஹாமில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கொஞ்ச காலம் வாத்தியார். அப்புறம் இரும்புக்குழாய் கம்பெனியில் கிளார்க். 1914-இல் உலகப்போர் வராவிட்டால் கணக்கு நோட்டோடு போயிருக்கும். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்காப் படையில் சேர்ந்தார். சொந்தச் சொத்து இல்லாமல் சம்பளத்தை வைத்தே குடும்பம் நடத்த வேண்டிய அதிகாரிக்கு இந்திய ராணுவம்தான் கட்டுப்படியாகும்.

ரங்கூன் பேத்தி:

நான் யுத்தக் கணக்குத் தெரிந்தவள் இல்லை. ஆனால் 1942 என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

என் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். குண்டு விழ ஆரம்பித்ததும் நடந்தே கிளம்பியவர்களில் ஒருவர். தாமு, பாலேல், இம்பால், திமாப்பூர் என்று அந்த ஊர்ப் பெயர்களை எங்கள் வீட்டில் பஸ் நிறுத்தங்கள் மாதிரிச் சொல்வார்கள். கையில் ஒரு தூக்குவாளி. பகலில் அதில் தண்ணீர், ராத்திரி அதிலேயே கஞ்சி. வழியில் காலரா. ஒரு இடத்தில், தூங்குகிறார்கள் என்று நினைத்து ஒரு குடும்பத்தின் பக்கத்தில் படுத்துவிட்டு, விடிந்த பிறகுதான் பார்த்தாராம். அதற்குமேல் அவர் சொன்னதில்லை என்று பாட்டி சொல்வாள்.

லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படி வந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளிகள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, நம்மவர்களுக்கு ஒரு பாதை என்ற புகார் அப்போதே எழுந்தது. உங்கள் ஜெனரலின் பின்வாங்கலும் அதே காலம், அதே பாதை. அவர் புத்தகத்தில் எங்கள் ஆட்கள் வருகிறார்களா?

வரைபடப் பைத்தியம்:

வருகிறார்கள், அம்மா. அகதிகளின் நிலையை அவர் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார், மனம் கசந்துதான் எழுதியிருக்கிறார். ஆனால் பக்கங்கள் குறைவு. அவருடைய கவலை பட்டாளம்.

காலவரிசையை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ரங்கூனுக்குப் போகும் வழியில் இருந்த சிட்டாங் ஆற்றுப் பாலம் பிப்ரவரியிலேயே தகர்க்கப்பட்டது. ரங்கூன் மார்ச் 8-ஆம் தேதி விழுந்தது. ஸ்லிம் வந்து பொறுப்பேற்றதே அதற்குப் பிறகு. அவருக்குக் கிடைத்தது, துறைமுகம் இல்லாத, விமானம் இல்லாத, புதிய ஆட்கள் வர வழியில்லாத ஒரு படை. ஏப்ரலில் யெனாஞ்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே கொளுத்திவிட்டு நகர்ந்தார்கள். அங்கே தண்ணீர் இல்லாமல் வெயிலில் சிக்கிய முதலாம் பர்மா டிவிஷனை மீட்க உதவியது சன் லி-ஜென் தலைமையிலான சீன டிவிஷன். சின்ட்வின் ஆற்றங்கரையில் டாங்க்குகளை எல்லாம் தாங்களே உடைத்துப் போட்டார்கள். அக்கரைக்கு ஏற்றியது ஒன்றே ஒன்று.

மே மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் இம்பால் வந்து சேர்ந்தவர்களுக்குத் தங்கக் கூடாரம்கூடத் தயாராக இல்லை. அப்போது அந்தப் படையை விட்டு ஸ்லிம் விடைபெற்றபோது, தோற்று வந்த அந்த ஆட்கள் அவரை ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். தோற்ற தளபதிக்கு இப்படி நடந்தது அவருடைய எழுத்துத் திறமையால் இல்லை. புத்தகம் வர இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது.

கொசு இன்ஸ்பெக்டர்:

ஓய்வுபெற்ற சுகாதாரத்துறை ஆள் நான். முப்பது வருஷம் சாக்கடையில் எண்ணெய் தெளித்து, வீடு வீடாக ரத்தம் எடுத்தவன். உங்கள் டிவிஷன், பிரிகேட் எல்லாம் எனக்குத் தலை சுற்றும். ஆனால் ஸ்லிம் எனக்குப் பிடித்த ஜெனரல். காரணம் மலேரியா.

1943-இல் அவர் பொறுப்புக்கு வந்தபோது காயம்பட்டு ஒருவன் வெளியேற்றப்பட்டால், நோயில் விழுந்து 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மலேரியா மட்டும் வருஷத்துக்கு மொத்தப் படையில் 84 சதவீதம். இந்தக் கணக்கில் ஜப்பான்காரன் சுடவே வேண்டாம், உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும்.

மருந்து இருந்தது. மெப்பகிரின் மாத்திரை. தினமும் ஒன்று. சாப்பிட்டால் தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி வேறு. கருத்தடைத் திட்டத்தில் வேலை பார்த்த எங்களுக்கு இந்த வதந்தியின் பலம் தெரியும், ஐயா! மாத்திரையை வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அப்புறம் துப்புவார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? திடீர்ச் சோதனை. ஒரு பட்டாலியனையே நிறுத்திப் பரிசோதித்து, 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிப்பாய்க்குத் தண்டனை இல்லை, கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போய்விடும். மூன்று பேரை நீக்கினார். நான்காவது ஆளை நீக்க வேண்டிய அவசியமே வரவில்லை. 1945-இல் நோயாளி எண்ணிக்கை நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

மேலே இருப்பவனைப் பிடித்தால் கீழே தானாக நடக்கும் என்பதை நான் எத்தனை கூட்டத்தில் கத்தியிருப்பேன். எங்களிடம் கடைசிவரை பிடித்தது கொசு மருந்து அடிக்கிறவனைத்தான்.

சும்மா எட்டிப்பார்த்தேன்:

ஐயா, இந்த இழையிலேயே சிறந்த பதிவு இதுதான். மீதிப் பேரும் மாத்திரை சாப்பிட்டீர்களா?

வரைபடப் பைத்தியம்:

கொசு இன்ஸ்பெக்டர் ஐயா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஸ்லிம்மின் பெரிய திறமை வீடு நடத்துவது. ஐரோப்பாவுக்குப் போன பிறகு மிச்சம் இருந்தால்தான் பர்மாவுக்குச் சாமான் வரும். பாராசூட் கேட்டார், கிடைக்காது என்றார்கள். கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் பேசி, பட்டுக்குப் பதில் சணலில் பாராசூட் தைக்க வைத்தார். ஆள் குதிக்க ஆகாது, அரிசி மூட்டை போட ஆகும். பட்டுப் பாராசூட் விலை இருபது பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல். இது ஒரு பவுண்டு சொச்சம்.

அரக்கானில் ரோடு போடக் கல் கிடையாது. வழிநெடுகச் சூளை போட்டு, செங்கல் சுட்டு, அதைப் பரப்பி ரோடு போட்டார்கள். வேறு இடங்களில் தார் தோய்த்த சணல் துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் லாரியையும் விமானத்தையும் ஓட்டினார்கள். காய்கறித் தோட்டம், வாத்துப் பண்ணைகூட வைத்தார்கள். முன்னணியில் ஒரு பிரிவுக்கு அரை ரேஷன் என்றால் தலைமையகத்திலும் அன்று அரை ரேஷன். தலைமையக ஆட்கள் முன்னணிக்குச் சாப்பாடு அனுப்புவதில் தனி அக்கறை காட்ட ஆரம்பித்ததாகக் கேள்வி.

இன்னொரு விஷயம். சாமான், சாப்பாடு என்று பேசிக்கொண்டிருப்பது யாருக்கு? பதினான்காம் ராணுவத்தில் பெரும்பகுதி இந்திய டிவிஷன்கள். அப்புறம் ஆப்பிரிக்கர்கள், மூன்று டிவிஷன். முழு பிரிட்டிஷ் டிவிஷன் இரண்டே இரண்டு. பாலம், ரோடு போடும் நம்ம ஊர் மெட்ராஸ் சாப்பர்ஸும் அங்கே இருந்தார்கள். பட்டாளத்தில் அவர்களுக்குப் பெயரே ‘தம்பி’. ஸ்லிம் தன் ஆட்களிடம் உருதுவிலும் கூர்க்காலியிலும் பேசுவார். தமிழ் பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

எதிர்க்கட்சி:

பாராட்டு விழா நன்றாக நடக்கிறது. நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

கோஹிமாவை எடுத்துக்கொள்வோம். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி படையெடுப்பார் என்று ஸ்லிம்முக்கு முன்பே தெரியும். சின்ட்வின்னைத் தாண்டி வரவிட்டு, இம்பால் சமவெளியில் வைத்து அடிக்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் இம்பாலுக்குத் தெற்கே டிட்டிமில் இருந்த 17-வது டிவிஷனை எப்போது பின்னுக்கு இழுப்பது என்பதைக் தனக்குக் கீழே இம்பால் பகுதித் தளபதியாக இருந்த ஸ்கூன்ஸிடம் விட்டார். அது தாமதமாகி, டிவிஷன் வழியிலேயே மாட்டிக்கொண்டு சண்டை போட்டுத்தான் வெளியே வந்தது. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட் வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது முழு டிவிஷன், சாட்டோவின் 31-வது, சுமார் 15,000 பேர். கோஹிமாவில் சண்டை போடக்கூடிய ஆட்கள் ஆயிரத்து ஐநூறு சொச்சம். பின்னால் திமாப்பூரில் பதினொரு மைல் நீளத்துக்குச் சாமான் கிடங்கு, காவல் இல்லாமல்.

இதையெல்லாம் அவரே ஒப்புக்கொள்கிறார் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறார், கூடவே ஒரு காரியமும் செய்கிறார். கோஹிமாவிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்த சாட்டோவைக் கற்பனை இல்லாத முட்டாள் ஆக்குகிறார். அவருடைய தலைமையகத்தின்மேல் குண்டு போட விமானப்படை திட்டம் போட்டபோது, வேண்டாம், எனக்கு இவ்வளவு உதவி செய்யும் ஜெனரலை ஏன் கொல்ல வேண்டும் என்று தடுத்ததாக வேடிக்கையாக எழுதுகிறார். படிக்கச் சுவைதான். உண்மை என்ன? திமாப்பூருக்குப் போ என்று முட்டாகுச்சி சொல்லியிருக்கிறார். அவருக்கும் மேலே இருந்த கவாபே கூடாது என்று நிறுத்திவிட்டார். சாட்டோமேல் தப்பில்லை. அதோடு, சோறும் தோட்டாவும் வராமல் ஆட்கள் பட்டினியில் சாவதைப் பார்த்து, உத்தரவை மீறி டிவிஷனைப் பின்வாங்கியவர் அதே சாட்டோ. ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது சாதாரண விஷயமா? வேலை போயிற்று அவருக்கு.

ஸ்லிம் தன் தவறைச் சொல்லும்போது வெளிச்சம் தன்மேல் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று தெரிந்து சொல்கிறார். என் கட்சி இவ்வளவுதான்.

கடம்பவனத்தான்:

எதிர்க்கட்சி, இது நான் கேட்க நினைத்ததைவிட நல்ல கேள்வி. ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கவாபே முட்டாகுச்சியைத் தடுத்தது எதிரி முகாமின் உள்விவகாரம். சண்டை நடக்கும்போது ஸ்லிம்முக்கு எப்படித் தெரிந்திருக்கும்? 1956-இல் எழுதும்போது விசாரித்திருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

தவறு செய்த பிறகு என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அரக்கானில் சண்டையில் இருந்த 5-வது இந்திய டிவிஷனை பீரங்கி, கோவேறு கழுதை சகிதம் விமானத்தில் ஏற்றி இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு வேண்டிய விமானங்களை, சீனாவுக்குச் சாமான் கொண்டுபோகும் பணியிலிருந்து அனுமதிக்குக் காத்திராமல் திருப்பிக் கொடுத்தவர் தென்கிழக்காசியப் பகுதித் தலைமைத் தளபதி மவுன்ட்பேட்டன். ஜூன் 22-ஆம் தேதி கோஹிமா-இம்பால் பாதை திறந்தது. ஜப்பான் தரப்பில் வந்த சுமார் 85,000 பேரில் இறந்தவர்கள் மட்டும் 30,000 போல. குண்டைவிடப் பசியும் நோயும் அதிகம் கொன்றன. கொசு இன்ஸ்பெக்டர் ஐயாவின் கணக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ரப்பர் தோட்டம்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு பேசியும் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

எங்கள் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய தமிழர்கள் எத்தனையோ பேர் நேதாஜியின் படைக்குப் போனார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்கு. 1944-இல் மணிப்பூரில் மொய்ராங் வரை போய்க் கொடி ஏற்றினார்கள். ஆக, இம்பாலைச் சுற்றி இந்தப் பக்கம் மெட்ராஸ் தம்பிகள், அந்தப் பக்கம் ஐ.என்.ஏ. ஸ்லிம்மின் புத்தகத்தில் இவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு சில வரி. அதிலும் மரியாதை இல்லை. ‘ஜிஃப்’ என்று பிரிட்டிஷ் பட்டாளம் வைத்த இளக்காரப் பெயர்தான். சரணடைய வந்தவர்களை அவருடைய இந்திய, கூர்க்கா சிப்பாய்கள் சுடத் தயங்காததால், கொஞ்சம் தயவாக நடந்துகொள்ளுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்ததாம். அதையும் போகிற போக்கில் சொல்கிறார்.

வரைபடப் பைத்தியம்:

நியாயமான குறை. படையாக எடுத்துக்கொண்டால் இம்பாலில் அவர்களால் போரின் போக்கை மாற்ற முடியவில்லை. ஜப்பானியர்கள் அவர்களுக்குக் கனரக ஆயுதமும் சோறும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள்மேல் விசாரணை தொடங்கியதும் நாடே கொதித்தது. ஸ்லிம் அதை எடைபோடவில்லை. இந்திய ராணுவத்தில் ஊறிய மனிதருக்கு ‘உப்புத் தின்ற வீட்டுக்கு’ என்ற கணக்கைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை.

அவருடைய உச்சம் ஐராவதிதான், அங்கேயும் இவர்கள் எதிரில் இருந்தார்கள். ஜப்பானியத் தளபதி கிமுரா ஆற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்லிம் ஒரு கோரை (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) மாண்டலே பக்கம் ஆர்ப்பாட்டமாகக் காட்டினார். இன்னொரு கோரைக் காட்டு வழியாகத் தெற்கே சத்தமில்லாமல் இறக்கினார். அந்தக் கோர் வடக்கேயே இருப்பதாக நம்பவைக்கப் போலித் தலைமையகம் ஒன்று ஓயாமல் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. 1945 பிப்ரவரி 14, நியாங்கு, பாகான் பகுதியில் ஆற்றைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் காவல் இருந்தவர்களில் ஐ.என்.ஏ.வின் நேரு ரெஜிமென்டும் உண்டு. மார்ச் முதல் வாரத்தில் மெய்க்டிலா விழுந்தது. கிமுராவின் சாமான் கிடங்குகளும் விமானத்தளங்களும் அங்கேதான். கழுத்தைப் பிடித்த மாதிரி. மாண்டலே மார்ச் 20.

பதினான்காம் ராணுவத்தின் தோள் சின்னத்தில் வாள் கீழ்நோக்கி இருக்கும். வரைந்தவர் ஸ்லிம். வடக்கிலிருந்து தெற்கே இறங்கித்தான் பர்மாவைப் பிடிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ரங்கூனை அந்த வாள் தொடவில்லை! மழை முந்திக்கொண்டது. 1942-இல் அடிவாங்கிப் பின்வாங்கிய அதே 17-வது டிவிஷன், பெகு தாண்டிச் சேற்றில் நின்றுவிட்டது. கடல் வழியாக வந்தவர்கள் மே 3-ஆம் தேதி ரங்கூனுக்குள் நுழைந்தார்கள். ஜப்பானியர் ஏற்கெனவே காலிசெய்திருந்தார்கள். சிறைக்கூரையில் கைதிகள் பெரிய எழுத்தில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள்.

சும்மா எட்டிப்பார்த்தேன்:

இவ்வளவும் செய்த மனிதருக்கு நான்கே நாளில் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வேலை நீக்கம்.

கடம்பவனத்தான்:

ஆமாம், அந்தக் கதை சொல்லப்பட வேண்டும். மேலதிகாரி ஆலிவர் லீஸ் வந்து, நீங்கள் களைத்துவிட்டீர்கள், பதினான்காம் ராணுவத்துக்கு வேறு ஆள் போடுகிறேன், பர்மாவில் மிச்ச வேலையைப் பாருங்கள் என்றார். ஸ்லிம் சண்டை போடவில்லை. அப்படியானால் ஓய்வு பெறுகிறேன் என்றார். செய்தி கசிந்ததும் பட்டாளத்தில் கொந்தளிப்பு. லண்டனில் தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக்குக்குக் கோபம். கடைசியில் வேலை போனது லீஸுக்கு, அவர் நாற்காலி ஸ்லிம்முக்கு. 1943-இலும் இதே கூத்து: அரக்கான் தோல்விக்கு ஸ்லிம்மைப் பலிகொடுக்கப் பார்த்த அப்போதைய மேலதிகாரி ஜெனரல் ஐர்வினுக்குத்தான் வேலை போயிற்று. இந்த மனிதரைக் கைவைத்தவர் விளங்கியதில்லை.

1948-இல் முப்படையில் தரைப்படைக்குத் தலைமை யார் என்ற கேள்வி வந்தபோது, மான்ட்கோமரி தன் ஆளுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள் என்றாராம் பிரதமர் அட்லி. அப்போது ஸ்லிம் ராணுவத்தை விட்டு ரயில்வே நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இந்திய ராணுவத்திலிருந்து அந்தப் பதவிக்குப் போன முதல் ஆள்.

எதிர்க்கட்சி:

பின்னால் ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தார், 1953 முதல் 1960 வரை. குழந்தையாக அங்கே ஒரு பண்ணைப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிலர், அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்ததாகப் பல வருஷம் கழித்துச் சொன்னார்கள். அவர் 1970-இலேயே இறந்துவிட்டார், எந்த நீதிமன்றத்திலும் விசாரணை இல்லை. கான்பெராவில் அவர் பெயரில் இருந்த ரோட்டுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். லண்டனில் சிலை இருக்கிறது. இழையின் தலைப்பு போர்க்காலம்தான், தெரியும். இருந்தாலும் மறைக்கக் கூடாது.

ரங்கூன் பேத்தி:

போன வருஷம் கோஹிமா போயிருந்தேன். யுத்தக் கல்லறையில் டெப்யூட்டி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தை வெள்ளைக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. இந்தக் கோட்டில் ஒரு படை, அந்தக் கோட்டில் ஒரு படை என்றால், பந்து போடுகிற மாதிரிக் கையெறிகுண்டு போட்டிருப்பார்கள்.

மேலே ஏறினால், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்குத் தனி நினைவுச்சின்னம். 917 பெயர். ‘சாமி’ என்று முடிகிற பெயர் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேட ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் மழை பிடித்துக்கொண்டது. கீழே டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நிலச்சரிவு வந்தால் ரோடு மூடிவிடுவார்களாம்.

வரைபடப் பைத்தியம்:

படம் எடுத்தீர்களா, அம்மா?

ரங்கூன் பேத்தி:

எடுத்தேன். லென்ஸில் தண்ணீர். பாதிப் பெயர் படிக்கலாம். நாளைக்கு ஏற்றுகிறேன், கண் நல்லாத் தெரிகிறவர்கள் யாராவது பாருங்கள்.